இடுக்கில் மாட்டும் க்விக் கப்ளிங்கை வடிவமைப்பது எப்படி?

பெங்களூரில் பீன்யா, பொம்மசந்திரா பக்கம் மெஷின் கட்டும் பட்டறைகளில் டிசைனராகச் சேரும் நம் பிள்ளைகளுக்கு எப்படியும் ஒருநாள் வந்து சேரும் வேலை இது. கூலன்ட் லைனையோ ஹைட்ராலிக் லைனையோ ஸ்பேனர் எடுக்காமல் கையாலேயே மாட்டிக் கழற்ற ஒரு க்விக் கப்ளிங் வேண்டும், ஆனால் மெஷினுக்குப் பின்னால் இடம் இல்லை. கடையில் கிடைப்பது பொருந்தினால் தயங்காமல் அதையே வாங்குங்கள். பல வருடம் அடிபட்டுத் தேறிய பொருளை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வரைய வேண்டிய அவசியமே இல்லை. எதுவும் பொருந்தவில்லை என்றால்தான் சொந்தமாக வரையும் வேலை. அதை எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பதற்காக இந்தக் கட்டுரை.

பேச்சு அந்தரத்தில் போகாமல் இருக்க ஒரே ஒரு உதாரணத்தைக் கடைசிவரை பிடித்துக்கொள்வோம். தண்ணீரும் கிளைக்காலும் (கார் ரேடியேட்டர் கூலன்ட்டில் கலக்கும் கிளைகோல் திரவம்) கலந்த கூலன்ட், நிமிடத்துக்கு 10 லிட்டர், அழுத்தம் 4 பார். மெஷினின் பின் பேனலுக்கும் சுவருக்கும் நடுவே 90 மி.மீ. இடைவெளி.

கப்ளிங்கில் இரண்டு பாதி: உள்ளே நுழைவது பிளக், அதை வாங்கிக்கொள்வது சாக்கெட். கம்ப்ரஸர் ஹோஸில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சாக்கெட்டின் மேல் ஒரு ஸ்லீவ் இருக்கும், அதைப் பின்னால் இழுத்தால் உள்ளே இருக்கும் சின்ன எஃகு பால்கள் விலகிப் பிளக்கை விடுவிக்கும். காற்று லைனில் சாக்கெட்டில் மட்டும் வால்வு இருந்தால் பெரும்பாலும் போதும். திரவத்துக்கு இரண்டு பாதியிலும் ஸ்பிரிங் வைத்த வால்வு வேண்டும், இல்லாவிட்டால் கழற்றிய ஹோஸில் இருப்பதெல்லாம் தரையில்தான்.

முதலில் கையை அளந்துகொள்ளுங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்டலாக்கைத் திறந்து, மாட்டிய நிலையில் கப்ளிங் எவ்வளவு நீளம் என்று பார்த்து, 55 மி.மீ. என்றால் 90-க்குள் தாராளமாக அடங்கும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மாட்டி முடித்த கப்ளிங்குக்கு இடம் தேடுவது சுலபம். அதை மாட்டும்போதும் கழற்றும்போதும் எவ்வளவு இடம் வேண்டும் என்பதுதான் கணக்கு, அந்தக் கணக்கு கேட்டலாக்கில் இருக்காது.

போட்டுப் பார்ப்போம். பேனலில் பிளக், ஹோஸ் பக்கம் சாக்கெட். சாக்கெட்டின் முன்முகம் பேனலிலிருந்து 5 மி.மீ. தள்ளி நிற்கும், சாக்கெட் உடல் 30, ஹோஸ் ஏறும் முனை 20, ஆக 55. அதன்பின் ஹோஸ் உடனே வளையாது, 15 மி.மீ.யாவது நேராகப் போக வேண்டும். ஹோஸ் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் குறைந்தபட்ச வளைவு ஆரம் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஹோஸின் பாதித் தடிமன் 7. கூட்டினால் 137. சுவர் நிற்பதோ 90-இல்! இதைப் பார்க்காமல் ஆர்டர் போட்டால் கடைசியில் ஃபிட்டர் ஹோஸை மடக்கித் திணிப்பார், மடங்கிய இடத்தில் ஓட்டம் குறையும், கப்ளிங்கும் நாள் முழுக்கப் பக்கவாட்டு இழுப்பில் உட்கார்ந்திருக்கும்.

சரி, நேர் முனைக்குப் பதிலாக 90 டிகிரி எல்போ. இப்போது 5, 30, எல்போ 20, மறுபடியும் 55. ஹோஸ் சுவருக்கு இணையாகப் போய்விடுவதால் வளைவு ஆரம் கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறது. ஆனால் பிளக் மேலிருந்து சாக்கெட் முழுசாக வெளியே வர 18 மி.மீ. வேண்டும், எல்போவின் முதுகில் கட்டைவிரலை வைத்துத் தள்ள இன்னொரு 22. மொத்தம் 95. இன்னும் 5 மி.மீ. இடிக்கிறது.

இந்த மாதிரி நேரத்தில் கப்ளிங்கைச் சின்னதாக்க ஓடாதீர்கள். பேனலில் ஒரு குழி அமைத்து பிளக்கை 15 மி.மீ. உள்ளே தள்ளி வைத்தால் 95 என்பது 80 ஆகிவிடும், கையுறை போட்ட விரலுக்கும் இடம் கிடைத்துவிடும். அப்படிச் செய்தாலும் சாக்கெட் உடலில் 20 மி.மீ. பேனலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஸ்லீவின் பின்பக்கம் ஒரு விளிம்பு வைத்துவிட்டால் விரல் அதைப் பிடித்துவிடும். ஷீட் மெட்டலில் ஒரு குழி அடிப்பது, புது வால்வு டிசைன் பண்ணுவதைவிடப் பல மடங்கு மலிவு.

பக்கவாட்டையும் பார்த்துவிடுங்கள். ஸ்லீவ் விட்டம் 28 என்றால், பக்கத்து கப்ளிங்குக்கும் இதற்கும் நடுவில் ஒரு விரல் நுழைய 20 மி.மீ., ஆக மையத்துக்கு மையம் 48-க்குக் குறையக் கூடாது. நான் 50 வைப்பேன். அதற்கும் இடமில்லை என்றால் ஒரே வரிசையில் வைக்காமல் மேலும் கீழுமாக மாற்றி வையுங்கள்.

ஸ்லீவ் எந்தப் பக்கம்

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், இடுக்கில் வேலை செய்கிறவருக்கு இதுதான் பெரிய விஷயம். ஸ்லீவ் பெரும்பாலும் சாக்கெட்டின் வாயிலிருந்து பின்னோக்கி நகரும். சாக்கெட் ஹோஸில் இருந்தால், ஸ்லீவைத் தன் பக்கம் இழுக்கும் அதே அசைவில் கப்ளிங்கும் கழன்று கையோடு வந்துவிடும், ஒரு கை போதும். சாக்கெட்டைப் பேனலில் பொருத்திவிட்டால் ஸ்லீவைப் பேனல் பக்கம் தள்ள வேண்டும், பிளக்கை எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். எதிரும் புதிருமாக இரண்டு அசைவு, அதற்கு இரண்டு கை, 90 மி.மீ. இடைவெளியில் இரண்டு கை எங்கே நுழையும்?

அதனால் இடம் குறைந்த இடத்தில் பேனலில் பிளக், ஹோஸில் சாக்கெட் என்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். விரலே போகாத இடம் என்றால் ஸ்லீவ் கதையே வேண்டாம், கட்டைவிரலால் அமுக்கும் பட்டன் லாட்ச் பாருங்கள். கை நுழையவே வழியில்லை, டிரேயைத் தள்ளினால் தானாக மாட்டிக்கொள்ள வேண்டும் என்றால் அது பிளைண்ட்மேட் என்று தனி வகை. அதில் பூட்டு டிரேயில் இருக்கும், கப்ளிங்கில் இருக்காது. டிரே கொஞ்சம் கோணலாக வந்தாலும் பொருந்த, ஒரு பாதி மிதக்கிற மாதிரி பொருத்தப்பட்டிருக்கும். லிக்விட் கூலிங் போட்ட சர்வர் ரேக்குகளில் கையால் மாட்டுவது, பிளைண்ட்மேட் என்று இரண்டு வகையும் உண்டு. ஓபன் கம்ப்யூட் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு இதற்குப் பொது அளவுகளே வெளியிட்டிருக்கிறது, யு.க்யூ.டி. என்பார்கள், 02, 04, 06, 08 என்று நான்கு அளவு, அதாவது கால் அங்குலத்தில் பாதியிலிருந்து அரை அங்குலம் வரை. உங்கள் வேலை அந்தப் பக்கம் என்றால் சொந்த முகப்பு வரையாதீர்கள், அந்த அளவையே எடுங்கள்.

துளையும் வால்வும்

நிமிடத்துக்கு 10 லிட்டர் 6 மி.மீ. துளையில் போனால் வேகம் வினாடிக்கு 5.9 மீட்டர், 8 மி.மீ. என்றால் 3.3, 10 மி.மீ. என்றால் 2.1. நமக்கு 8 சரிப்படும். அழுத்த இழப்பை கே.வி. எண்ணால் சொல்வார்கள்: 1 பார் இழப்பில் மணிக்கு எத்தனை கனமீட்டர் தண்ணீர் போகும் என்பது. நம் ஓட்டம் மணிக்கு 0.6 கனமீட்டர், 0.4 பார் இழக்கலாம் என்று அனுமதித்தால் 0.6-ஐ 0.4-இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும், சுமார் 0.95 வரும். கிளைக்கால் கலந்திருப்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

துளையை மட்டும் 8 ஆக்கிவிட்டு வால்வைச் சுற்றி இடம் விடாமல் இருப்பது பொதுவான கோளாறு. 8 மி.மீ. துளையின் பரப்பு 50 சதுர மி.மீ. வால்வுத் தலை 10 மி.மீ. என்றால், அது எழும்பும்போது சுற்றிலும் திறக்கும் பரப்பு, விட்டத்தின் சுற்றளவை எழும்பும் உயரத்தால் பெருக்கியது. 1.6 மி.மீ. எழும்பினால்தான் 50 வரும், 2 மி.மீ. கொடுங்கள். தலையைச் சுற்றியுள்ள அறையும் 13 மி.மீ.யாவது இருக்க வேண்டும், அப்போதுதான் அந்த வளையத்தின் பரப்பும் 50-ஐத் தாண்டும். இந்த மூன்றில் எது சின்னதோ அதுதான் உங்கள் கப்ளிங்கின் உண்மையான அளவு. நீளம் குறைய வேண்டும் என்றால் சாதாரண சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக வேவ் ஸ்பிரிங் இருக்கிறது. அதே விசைக்கு ஏறக்குறைய பாதி உயரம்வரை மிச்சமாகும். விலை கூடுதல், ஆனால் இடுக்கில் 6 மி.மீ. என்பது பெரிய சொத்து.

வால்வு முகம் இரண்டு விதம். கூம்பாக உட்காரும் பாப்பெட் வகை செய்வதற்குச் சுலபம், கழற்றும்போது நடுவில் மாட்டிய திரவம் சிந்தும். ஃப்ளாட் ஃபேஸ் வகையில் இரண்டு முகமும் உள்ளங்கைகளைச் சேர்த்துக் கும்பிட்டதுபோல ஒட்டி நிற்கும், நடுவில் திரவம் தேங்க இடமே இருக்காது. நம் பிளக்கின் மூக்கு 16 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால், அதில் 1 மி.மீ. இடைவெளி விட்டால்கூட ஒவ்வொரு தடவையும் 0.2 மி.லி. சிந்தும். கீழே எலெக்ட்ரிக்கல் போர்டு இருக்கிறது என்றால் யோசிக்காமல் ஃப்ளாட் ஃபேஸ். ஹைட்ராலிக்குக்கு இதன் பொது அளவுகள் ஐ.எஸ்.ஓ. 16028-இல் இருக்கின்றன, பாப்பெட் வகைக்கு ஐ.எஸ்.ஓ. 7241.

உள்ளே நுழையும் 18 மி.மீ.யில் என்ன நடக்க வேண்டும் என்று ஒரு கோடு போட்டு எழுதிப் பார்த்துவிடுங்கள். முதல் 6 மி.மீ. வழிகாட்ட மட்டும், பிளக் நேராகட்டும். 9-இல் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) பிடிக்க வேண்டும். 14-இல்தான் வால்வுகள் ஒன்றையொன்று தொட்டுத் திறக்கத் தொடங்க வேண்டும். 18-இல் பூட்டு விழ வேண்டும். ஓ-ரிங் பிடிப்பதற்கு முன் வால்வு திறந்தால் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். எல்லா டாலரன்ஸையும் (அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம்) மோசமான பக்கம் வைத்துப் பார்த்தாலும் இந்த வரிசை மாறக் கூடாது.

தள்ளும் விசை

ஹோஸில் அழுத்தம் மாட்டிக்கொண்டிருந்தால் அதை எதிர்த்துத்தான் தள்ள வேண்டும். ஓ-ரிங் பிடிக்கும் 16 மி.மீ. விட்டத்தின் பரப்பு 201 சதுர மி.மீ., 4 பார் என்பது சதுர மி.மீ.க்கு 0.4 நியூட்டன், ஆக 80 நியூட்டன், சுமார் 8 கிலோ. அதோடு இரண்டு ஸ்பிரிங், ஓ-ரிங் உராய்வு. நின்றுகொண்டு உள்ளங்கையால் 8 கிலோ தள்ளலாம். சுவருக்கும் மெஷினுக்கும் நடுவே கையை விட்டு ஒற்றைக் கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள், தெரியும். இதுவே 10 பார் என்றால் 20 கிலோ, நடக்காது. முழுக்க நிரம்பிய ஹோஸைக் கழற்றி வெயிலில் போட்டால் உள்ளே திரவம் விரிந்து அழுத்தம் ஏறி, திரும்ப மாட்டவே முடியாமல் போவதும் உண்டு. ஆகவே ஒன்று சீல் விட்டத்தைக் குறையுங்கள், அல்லது லைனில் கை எட்டும் இடத்தில் அழுத்தத்தை இறக்க ஒரு சின்ன வால்வு வையுங்கள். இரண்டாவது வழிதான் எனக்குப் பிடிக்கும், பாதுகாப்புக்கும் அதுவே நல்லது.

ஓ-ரிங்

இடம் மிச்சம் பிடிக்க 1 மி.மீ. தடிமன் ஓ-ரிங் போடுகிறார்கள், அதைச் செய்யாதீர்கள். அதை 20 சதவீதம் அமுக்கினால் 0.2 மி.மீ.தான், லேத்தில் மையம் கொஞ்சம் விலகினாலே அது காணாமல் போய்விடும். 1.78 மி.மீ. தடிமன் எடுத்தால் 20 சதவீதம் 0.36, ரிங்கின் டாலரன்ஸ் 0.08-ஐயும் கடைசலின் 0.05-ஐயும் கழித்தாலும் 0.23 மிஞ்சும், அது பிடிக்கும். ரிங் உட்காரும் க்ரூவின் ஆழம் கணக்கிடும்போது ரிங்குக்குக் கிடைக்கும் உயரம் 1.42, அகலம் 2.4 வையுங்கள், ரிங் அந்த இடத்தில் முக்கால்வாசியை அடைக்கும், வீங்குவதற்குக் கொஞ்சம் இடம் இருக்கும்.

ரிங்கை சாக்கெட்டின் ஆழத்தில் வையுங்கள், பிளக்கின் 16 மி.மீ. மூக்கு மட்டும் அதைத் தொடட்டும். பூட்டுக்கான பள்ளம் பின்னால் 18 மி.மீ. விட்டமுள்ள பகுதியில் இருக்கட்டும், அது ரிங்கைத் தாண்டவே கூடாது, தாண்டினால் ஒவ்வொரு தடவையும் அதன் விளிம்பு ரப்பரைச் சீவும். மூக்கின் நுனியில் 15 முதல் 20 டிகிரி சேம்ஃபர் (சரிவாகக் கடைந்த ஓரம்), விளிம்பில் பிசிறு இல்லாமல் 0.2 ஆரம். "கூர் விளிம்புகளை உடைக்கவும்" என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகாதீர்கள், இந்த ஒரு விளிம்பை ட்ராயிங்கில் பெரிதாக்கிக் காட்டுங்கள். பீன்யாவில் டர்னர் பலர் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துக்காரர்கள், நேரில் போய் "அண்ணா, இந்த ஓரத்துல ரப்பர் உரசும், கையில தடவிப் பார்த்தா வழுக்கணும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அது ட்ராயிங்கைவிட நன்றாக வேலை செய்யும்.

ரப்பர் எது என்பதில் குழப்பமே வேண்டாம். தண்ணீர், கிளைக்கால் என்றால் ஈ.பி.டி.எம்.; மினரல் ஆயில் என்றால் என்.பி.ஆர்.; எண்ணெயோடு நல்ல சூடும் இருந்தால் எஃப்.கே.எம். ஈ.பி.டி.எம். எண்ணெயில் ஊதிவிடும், வாசலின் தடவினாலும் கெடும், சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். கஷ்டம் என்னவென்றால் எல்லாமே கறுப்பு, கவரிலிருந்து எடுத்துவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது. எஸ்.பி. ரோடு, ஜே.சி. ரோடு பக்கம் சில்லறையாக வாங்கினால் ஒன்றை எடுத்து வெர்னியரில் அளந்து ராத்திரி முழுக்க எஞ்சின் ஆயிலில் போட்டு வையுங்கள். காலையில் நன்றாக ஊதியிருந்தால் அது எண்ணெய் தாங்கும் ரப்பர் இல்லை. அளவு மாறாமல் இருந்தால் நீங்கள் கேட்ட ஈ.பி.டி.எம். அது இல்லை.

பூட்டும் உலோகமும்

பூட்டுக்கு 3 மி.மீ. பால் ஆறு போதும். சாக்கெட் சுவர் 2 மி.மீ. என்றால் பால் உள்ளே 1 மி.மீ. நீட்டி நிற்கும், ஸ்லீவ் நகரும்போது வெளியே 1 மி.மீ. விலக ஸ்லீவில் பள்ளம் வேண்டும். பிளக் 18, சுவர் இரண்டு பக்கமும் சேர்த்து 4, ஸ்லீவ் பள்ளமும் சுவரும் சேர்த்து இரண்டு பக்கமும் 5 சொச்சம், இப்படித்தான் மேலே சொன்ன 28 வந்தது. இதைக் குறைக்க வேண்டுமென்றால் பாலைச் சின்னதாக்க வேண்டும், அதோடு பிடிப்பும் குறையும். பால் துளை உள்பக்கம் கொஞ்சம் குறுகி முடிய வேண்டும், இல்லாவிட்டால் பிளக் இல்லாதபோது பால் உள்ளே விழுந்துவிடும். பூட்டின் பலத்தை அழுத்தத்துக்கு மட்டும் கணக்கிடாதீர்கள். 4 பார் கொடுப்பது வெறும் 80 நியூட்டன், யாராவது ஹோஸில் கால் தடுக்கினால் அதைப் போல மூன்று நான்கு மடங்கு ஒரு நொடியில் வரும்.

உலோகத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) மேல் எஸ்.எஸ். உரசினால் ஒன்றோடொன்று பிய்த்துக்கொண்டு இறுகிவிடும். கூலன்ட்டுக்குப் பித்தளை சாக்கெட், எஸ்.எஸ். பிளக், எஸ்.எஸ். ஸ்லீவ் நல்ல சேர்க்கை. லைனில் செம்பு இருந்தால் அலுமினியத்தை உள்ளே விடாதீர்கள், அரித்துவிடும். பெங்களூரில் பல இடங்களில் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், அதைக் கூலன்ட்டில் ஊற்றினால் வால்வு இருக்கையில் படிந்து உட்காரவிடாது. டீமினரலைஸ்டு (உப்பு நீக்கிய) தண்ணீர்தான் என்று மெஷினோடு போகும் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

உலோகத்துக்குப் போகும் முன்

வெளி வடிவத்தை மட்டும் 3டி பிரிண்டில் எடுங்கள், உள்ளே வால்வு வேண்டாம். பேனலுக்கும் சுவருக்கும் பதிலாக இரண்டு பலகையை 90 மி.மீ. இடைவெளியில் நிறுத்தி, உண்மையான ஹோஸை மாட்டி, பட்டறையிலேயே பெரிய கை உள்ள ஃபிட்டரைக் கூப்பிட்டு, கையுறையோடு, எட்டிப் பார்க்காமல் மாட்டச் சொல்லுங்கள். எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள், அவர் முழங்கை எங்கே இடிக்கிறது, எந்த விரலை மாற்றுகிறார் என்று பாருங்கள். வரும் லைனும் போகும் லைனும் ஒரே மாதிரி இருந்தால் இந்தச் சோதனையிலேயே அவர் மாற்றி மாட்டிவிடுவார். நீலம் சிவப்பு வளையம் மட்டும் இடுக்கில் கண்ணுக்குத் தெரியாது, ஒன்றின் மூக்கை 16, இன்னொன்றை 14 ஆக்கிவிடுங்கள், தப்பாக நுழையவே நுழையாது.

அழுத்தச் சோதனை

எப்போதும் தண்ணீரில், கைப்பம்ப்பில். காற்றில் வேண்டாம், அமுக்கிய காற்றில் சேர்ந்திருக்கும் ஆற்றல் உடைந்தால் ஆளைக் காயப்படுத்தும். 4 பார் லைனுக்கு 6 பார் ஏற்றி, மாட்டிய நிலையில் ஒரு தடவை, பிறகு பிளக் தனியாக, சாக்கெட் தனியாக. இதோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். ஓ-ரிங்கை அழுத்தமே தள்ளி இறுக்குவதால் 6 பாரில் கசியாத ஒன்று 0.2 பாரில் சொட்டலாம், மெஷின் நின்றிருக்கும் ராத்திரிகளில் லைனில் இருப்பது அந்தக் குறைந்த அழுத்தம்தான். அதையும் பாருங்கள், ஹோஸில் 5 கிலோ எடை தொங்கவிட்டும் பாருங்கள். ஹைட்ராலிக் கப்ளிங் என்றால் சோதனை முறைகள் ஐ.எஸ்.ஓ. 18869-இல் இருக்கின்றன, வாங்கிப் படியுங்கள்.

முதல் தடவை ஐந்து செட் மட்டும் போட்டு, மெஷினில் ஓடவிட்டு, கொஞ்ச நாள் கழித்து ஒன்றைக் கழற்றி ரிங்கை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு பக்கமும் தட்டையாகியிருந்தால் அமுக்கம் அதிகம் அல்லது சூடு அதிகம். ஒரு ஓரம் எலி கொறித்தாற்போல் இருந்தால் இடைவெளி அதிகம், ரப்பர் அதற்குள் பிதுங்குகிறது. ஒரே இடத்தில் நறுக்கியிருந்தால் சேம்ஃபரில் பிசிறு, அந்தப் பிளக்கின் மூக்கை நகத்தால் வருடினாலே மாட்டும். ரிங் முழுசும் பருத்து மெத்தென்று ஆகியிருந்தால் ரப்பர் மாறிவிட்டது, ஸ்டோருக்குப் போய்க் கவரைத் தேடுங்கள்.